ஜெயிலில் இருந்தபடி ஒன்பது லட்சம் ஓட்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தேர்தல் செலவு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவில் ஒரு ரயில்வே ஃபயர்மேன் (நீராவி எஞ்சின் அடுப்பில் கரி போடுகிறவர்) ஜெயிலில் இருந்துகொண்டே ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் மேல் கடிதம். பாதிக்கு மேல் ரயில்வே குடும்பங்களில் இருந்து வந்தவை. சரி, இந்த வாரம் முழுப் பக்கமும் அவருக்கே. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

அந்த ஃபயர்மேன் யார்? நிஜமாகவே கரி அள்ளினவரா, இல்லை தொழிலாளி பெயரைச் சொல்லி மேடை ஏறினவரா?
(வாசகர், தச்சநல்லூர்)

பெயர் யூஜின் விக்டர் டெப்ஸ். 1855 நவம்பர் 5ஆம் தேதி இண்டியானா மாநிலத்தில் டெர ஹோட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருந்து பிழைக்க வந்து பலசரக்குக் கடை வைத்தவர்கள். அப்பாவுக்குப் படிப்பில் பிரியம் அதிகம். யூஜின் சூ, விக்டர் ஹியூகோ என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயரைச் சேர்த்து மகனுக்கு வைத்துவிட்டார்.

பிள்ளை பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில்வே ஒர்க் ஷாப்புக்குப் போனான். எஞ்சினில் ஒட்டியிருக்கும் கிரீஸையும் பழைய பெயிண்டையும் சுரண்டுகிற வேலை, நாளுக்கு ஐம்பது சென்ட் கூலி. அடுத்த வருஷம் ஒரு ஃபயர்மேன் குடித்துவிட்டு டியூட்டிக்கு வராமல் போக, இவனை எஞ்சினில் ஏற்றிவிட்டார்கள். ஆக, கரி அள்ளினது நிஜம். ஆனால் ரொம்ப காலம் இல்லை. 1873ல் வந்த பொருளாதார நெருக்கடியில் வேலை போய், ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் பக்கம் பிழைப்புத் தேடிப் போன இடத்தில் கூட்டாளி ஒருவன் எஞ்சினுக்கு அடியில் விழுந்து செத்துப்போனான். அம்மா விடவில்லை, 'இந்த வேலையே வேண்டாம், வந்து சேர்' என்று நின்றார். 1874ல் ஊருக்குத் திரும்பி ஒரு மொத்த மளிகை வியாபாரியிடம் கணக்கு எழுதப் போனார் டெப்ஸ்.

ஆனாலும் லைனை விடவில்லை. 1875ல் ஃபயர்மேன்களின் சகோதர சங்கம் ஊரில் கிளை திறந்தபோது முதல் ஆட்களில் ஒருவராகச் சேர்ந்து செயலாளரும் ஆனார். அந்தக் காலத்து சங்கம் ஸ்டிரைக் செய்கிற சங்கம் இல்லை, செத்தால் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிற சங்கம். இரண்டு பெட்டிக்கு நடுவில் ஆள் நின்று கையால்தான் இணைப்புக் கம்பியை மாட்ட வேண்டும். ஓடுகிற வண்டியின் கூரை மேல் நடந்துபோய்த்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் சுற்ற வேண்டும். பத்து விரலும் முழுசாக இருந்தால் அவன் வேலைக்குப் புதுசு என்று சொல்வார்களாம். காற்று பிரேக்கையும் தானாக மாட்டிக்கொள்ளும் கப்ளிங்கையும் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே 1893ல்தான் வந்தது. அதுவரை இவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கக் கம்பெனிகள் தயங்கின, அதனால் தாங்களே காசு போட்டுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

அப்போது டெப்ஸ் புரட்சிக்காரரே இல்லை. 1877ல் அமெரிக்கா முழுக்க ரயில்வே ஸ்டிரைக் வெடித்தபோது அதற்கு எதிராகப் பேசினவர். முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்பினவர். 1880ல் சங்கத்தின் பொதுச்செயலாளர், பத்திரிகை ஆசிரியர் எல்லாம் அவர்தான். நாற்பது வயதை ஒட்டித்தான் ஆள் திரும்பினார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். பிறவியிலேயே வீரன் என்று எழுதுகிற வாழ்க்கை வரலாறுகளைப் படித்துப் படித்து நமக்குச் சலித்துவிட்டது; இவர் ஒவ்வொரு அடியும் பட்ட பிறகுதான் ஒவ்வொரு கருத்தையும் மாற்றிக்கொண்டார்.

அரசியலில் எத்தனை தடவை ஜெயித்தார்?
(வாசகர், வள்ளியூர்)

மூன்று தடவை, மூன்றும் சின்ன நாற்காலி. ஊர் நகரசபை எழுத்தராக இரண்டு முறை, மாநில சட்டசபைக்கு ஒரு முறை. அப்போது அவர் டெமாக்ரட் கட்சி. 1885ல் சபையில் உட்கார்ந்து, வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு ரயில்வே கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்; மேல்சபையில் அதன் சாரத்தை எல்லாம் உருவிவிட்டு வெறும் சக்கையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெறுத்துப்போய் இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று கிளம்பிவிட்டார். (நம் நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923ல் வந்தது.) பிறகு ஜனாதிபதி பதவிக்கு ஐந்து முறை நின்றார், ஐந்திலும் தோல்வி.

அண்ணாச்சி, ஒரே வண்டியிலே டிரைவருக்கு ஒரு சங்கம், கார்டுக்கு ஒரு சங்கம், பாதையிலே கிடந்து சாகுத கேங்மேனுக்கு ஒரு சங்கம். நான் சர்வீஸ்லே இருந்தவரைக்கும் இதுதான் கதை. இதுக்கு உங்க ஆள் என்ன சொன்னார்?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், செங்கோட்டை)

ஐயா, நீங்கள் கேட்டதுதான் டெப்ஸ் வாழ்க்கையின் நடுப்பகுதி முழுக்க.

1888ல் பர்லிங்டன் ரயில்வேயில் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் ஸ்டிரைக் செய்தார்கள். வேறொரு சங்கத்தைச் சேர்ந்த டிரைவர்கள் வந்து அந்த எஞ்சின்களை ஓட்டிக் கொடுத்துவிட்டார்கள், பழைய கணக்கைத் தீர்க்க. ஸ்டிரைக் தோற்றது. பிரிந்து கிடந்தால் கம்பெனி அடிக்க வேண்டியதே இல்லை, நாமே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வோம் என்பது டெப்ஸுக்கு அங்கேதான் உறைத்தது. வசதியான பொதுச்செயலாளர் பதவியை உதறிவிட்டு 1893ல் அமெரிக்க ரயில்வே யூனியன் என்று ஒன்றைத் தொடங்கினார். டிரைவர், கார்டு, பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், ஸ்டேஷன் கிளார்க், ஒர்க் ஷாப் கலாசி எல்லோரும் ஒரே சங்கம், ஒரே அட்டை. 1894 ஏப்ரலில் கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் கூலி குறைத்தபோது பதினெட்டு நாள் ஒரு வண்டி நகரவில்லை, கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. ஆட்கள் வந்து குவிந்தார்கள், சீக்கிரத்திலேயே ஒன்றரை லட்சம் பேர்.

அந்த ஜெயிப்பே வினையானது. சிகாகோ பக்கத்தில் புல்மன் என்ற முதலாளி தூங்கும் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையும், தொழிலாளிகளுக்கு ஒரு ஊரும் தன் பெயரிலேயே வைத்திருந்தார். வீடு அவருடையது, வாடகையும் அவருக்கு. நெருக்கடி என்று சொல்லிக் கூலியைக் கிட்டத்தட்ட கால்வாசி வெட்டினார், வாடகையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. 1894 மே 11ல் ஸ்டிரைக். டெப்ஸ் முதலில் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். சங்க மாநாடு கேட்கவில்லை, ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி கோத்த எந்த வண்டியையும் தொடமாட்டோம் என்று அறிவித்தது. சிகாகோவில் இருந்து மேற்கே பாதி நாடு நின்றுபோனது.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். தபால் பெட்டியையும் புல்மன் பெட்டியையும் ஒரே வண்டியில் கோத்துவிட்டு, 'தபாலைத் தடுக்கிறார்கள்' என்றார்கள். ஸ்டிரைக்குக்கு எதிராகக் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியது மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் ஆல்னி, அவரே ரயில்வே கம்பெனிகளின் பழைய வக்கீல். மாநில கவர்னர் வேண்டாம் என்று சொல்லியும் ஜனாதிபதி கிளீவ்லாண்ட் ராணுவத்தை அனுப்பினார். கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முப்பது பேர் வரை செத்தார்கள். மற்ற சங்கங்கள் கைகட்டி நின்றன. ஸ்டிரைக் ஒடிந்தது, யூனியனும் ஒடிந்தது, டெப்ஸுக்குக் கோர்ட் அவமதிப்புக்காக ஆறு மாதம் ஜெயில். ஸ்டிரைக்கில் சேர்ந்தவன் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டு லைனில் எங்கேயும் வேலை கிடைக்காமல் செய்தார்கள்.

ஜெயிலில் நிறையப் படித்தார். வெளியே வந்த அன்று சிகாகோவில் மழையில் ஒரு லட்சம் பேர் காத்து நின்றதாகச் சொல்வார்கள். கூலிச் சண்டையில் கோர்ட்டும் ராணுவமும் முதலாளி பக்கம் நின்றால் சங்கம் மட்டும் போதாது, ஆட்சியும் நம் கையில் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அரசியல் கட்சி அங்கிருந்துதான் முளைத்தது. 1901ல் சோஷலிஸ்ட் கட்சி.

ரயில்வே ஆள்னு சொல்லுதியளே, இருந்திருந்தா தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஒரு டிக்கெட் கன்ஃபர்ம் பண்ணித் தருவாரா?
(வாசகர், நாங்குநேரி)

அவரே 1908 தேர்தலுக்குத் தனியாக ஒரு வண்டி வாடகைக்கு எடுத்துத்தான் ஊர் ஊராகப் போனார். சிவப்பு ஸ்பெஷல் என்று பெயர். ஒரு எஞ்சின், படுக்க ஒரு பெட்டி, துண்டுப் பிரசுரம் அடுக்க ஒரு பெட்டி, கூடவே பேண்ட் வாத்தியம். செலவுக்குத் தொழிலாளிகள் சில்லறை சில்லறையாக அனுப்பினார்கள். நாளுக்குப் பல ஊரில் வண்டியின் பின் மேடையில் நின்று பேசிப் பேசிக் குரல் போய்விட்டது. சில ஊர்களில் தம்பி தியோடர் எட்டிப் பார்த்துக் கையசைத்துச் சமாளித்தாராம். இவ்வளவு செய்தும் 1904ஐ விடக் கொஞ்சம்தான் கூடுதலாக ஓட்டு விழுந்தது. உங்களுக்குத் தட்கல்தான் கதி.

யூனியன் ஆள் என்றாலே சண்டைக்காரர். அவரை அமைதிவாதி என்று எப்படிச் சொல்கிறார்கள்? காந்தி மாதிரியா?
(வாசகி, பாளையங்கோட்டை)

காந்தி மாதிரி இல்லை, அம்மா. அமைதிவாதி என்று அவரைச் சொல்லும்போது ஒரு அடிக்குறிப்போடுதான் சொல்ல வேண்டும். 1906ல் சுரங்கத் தொழிலாளர் தலைவர்கள் மேல் கொலை வழக்குப் போட்டுத் தூக்கில் போடப் பார்க்கிறார்கள் என்றபோது, பத்து லட்சம் பேர் துப்பாக்கியோடு வருவோம் என்று எழுதினவர் இதே டெப்ஸ். பிறகு 1912ல், இயந்திரத்தை உடைப்பது, ஒளிந்திருந்து அடிப்பது எல்லாம் தொழிலாளியையே கெடுக்கும் என்று திட்டவட்டமாக எழுதினார். நாடு நாடோடு மோதுகிற யுத்தத்தில் மட்டும் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டபோது பல நாட்டு சோஷலிஸ்ட் கட்சிகள் அவரவர் கொடிக்குப் பின்னால் ஓடின. இவர் ஓடவில்லை.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜூனில் ஒற்றாடல் தடுப்புச் சட்டம். பெயர்தான் ஒற்றர்களைப் பிடிப்பதற்கு, பிடித்தது பேசினவர்களை. ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதைத் தடுத்தால் இருபது வருஷம் வரை உள்ளே போடலாம். 1918 ஜூன் 16ல் ஒஹாயோவில் கேண்டன் என்ற ஊருக்கு டெப்ஸ் போனார். வயது அறுபத்திரண்டு, உடம்பு சரியில்லை. முதலில் போன இடம் ஜெயில். போரை எதிர்த்ததற்காக உள்ளே இருந்த மூன்று தோழர்களைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பூங்காவுக்கு நடந்து வந்து இரண்டு மணி நேரம் பேசினார். சர்க்கார் ஆட்கள் கூட்டத்தில் குறிப்பெடுப்பது அவருக்குத் தெரியும். போரை அறிவிப்பது ஒரு வர்க்கம், போய்ச் சாவது இன்னொரு வர்க்கம். சாகிறவனிடம் யாரும் இதுவரை அபிப்பிராயம் கேட்டதில்லை. பேச்சின் சாரம் அவ்வளவுதான். கேண்டனில் சொன்ன வர்க்கமும், புல்மன் ஊரில் வாடகை வசூலித்த வர்க்கமும் அவருக்கு ஒன்றே. போர் எதிர்ப்பு அவருக்கு வேதப் புத்தகத்தில் இருந்து வரவில்லை, சம்பளச் சீட்டில் இருந்து வந்தது. அதனால்தான் அவரைச் சாது என்று நினைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு வாரத்தில் கைது. செப்டம்பரில் விசாரணை. தன் தரப்பில் ஒரு சாட்சியைக் கூட நிறுத்தவில்லை, பேசியதை மறுக்கவும் இல்லை. பேசினேன், அரசியல் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது என்று ஜூரிகளிடம் தானே எழுந்து சொன்னார். பத்து வருஷம் தண்டனை. தீர்ப்புக்கு முன் அவர் பேசியது அமெரிக்காவில் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது: அடித்தட்டு என்று ஒன்று இருக்கும்வரை நான் அதில் இருக்கிறேன், சிறையில் ஒரு உயிர் இருக்கும்வரை எனக்கு விடுதலை இல்லை என்கிற பொருளில். 1919 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது. அதற்குள் போரே முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது!

தண்டனைக் கைதி தேர்தலில் நிற்க முடியுமா? நம் சட்டத்தில் இடம் உண்டா?
(சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

அமெரிக்க அரசியல் சட்டம் ஜனாதிபதி வேட்பாளரிடம் கேட்பது மூன்றுதான்: முப்பத்தைந்து வயது, பிறப்பால் குடிமகன், பதினாலு வருஷம் அங்கே வாசம். ஜெயில் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் 1920ல் அட்லாண்டா சிறையில் 9653ஆம் எண் கைதியாக இருந்தபடி நின்றார், ஆதரவாளர்கள் அந்த எண்ணையே பேட்ஜாகச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். பிரசாரம் பண்ண வெளியே வர முடியாது, தனக்குத் தானே ஓட்டுப் போடவும் முடியாது. ஒன்பது லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் இதில் ஏமாந்துவிடாதீர்கள்: 1912லும் கிட்டத்தட்ட அதே ஒன்பது லட்சம் வாங்கியிருந்தார், அப்போது அது நூற்றுக்கு ஆறு. 1920ல் பெண்களுக்கும் நாடு முழுக்க ஓட்டு வந்து மொத்த ஓட்டு பெருகிவிட்டதால் நூற்றுக்கு மூன்றரைக்கும் கீழே.

நம் ஊரில் இந்த வேலை நடக்காது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, எட்டாவது பிரிவைப் பாருங்கள்: இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் தண்டனைக் காலமும், வெளியே வந்த பின் ஆறு வருஷமும் நிற்க முடியாது. தண்டனை ஆகாமல் விசாரணைக் கைதியாக இருந்தால் நிற்கலாம். 1977ல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அப்படித்தான் ஜெயிலில் இருந்தே முசாபர்பூரில் நின்றார், மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1974 மே மாத ரயில்வே ஸ்டிரைக்கின் தலைவர் அவர். டெப்ஸ் வழியில் பாதி தூரம் வந்த ஆள் என்று சொல்லலாம், மீதிப் பாதியில் பாதுகாப்பு அமைச்சர் ஆகி 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பொறுப்பான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் தேடிப் படியுங்கள். தென்னிந்திய ரயில்வே தொழிற்சங்கத்தில் இருந்து வந்த கே. ஆனந்த நம்பியார் திருச்சி எம்.பி.யாக இருந்தபோது, 1964 கடைசியில் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். எம்.பி. ஆகிய என்னைச் சபைக்குப் போக விடு என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். தடுப்புக் காவலில் இருக்கும் உறுப்பினருக்கு அப்படித் தனிச் சலுகை கிடையாது என்று தீர்ப்பு. பரீட்சைக்கு உதவும்.

ஆளைத் தூக்கி வச்சு ஆடுதியளே, குறையே கிடையாதா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

ஏன் இல்லை? 'எல்லோருக்கும் ஒரே சங்கம்' என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த எல்லோரில் கறுப்பினத்தவர் கிடையாது. டெப்ஸ் சேர்க்கச் சொல்லி வாதாடினார், 1894 மாநாடு சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் மறுத்துவிட்டது. அவர் அதை விழுங்கிக்கொண்டு தலைவராகத் தொடர்ந்தார். புல்மன் தூங்கும் பெட்டிகளில் படுக்கை விரித்தது முழுக்கக் கறுப்பினப் பணியாளர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கம்பெனியோடேயே மோதினால் எப்படி விளங்கும்? பிற்காலத்தில் வெள்ளையர் கறுப்பர் என்று பிரித்து உட்கார வைக்கும் கூட்டத்தில் பேசமாட்டேன் என்று நின்றார், அது பெரிய விஷயம்தான். ஆனால் 1903ல், கறுப்பினத்தவருக்கென்று தனியாகக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் அதுவும் தீரும் என்று எழுதியிருக்கிறார். சாதியைப் பற்றிக் கேட்டால் இதே பதிலைச் சொல்கிற தோழர்களை தாமிரபரணிக் கரையில் நாம் பார்க்காததா?

வ.உ.சி.யோடு ஒப்பிடலாமா? கடைசியில் டெப்ஸ் என்ன ஆனார்?
(வாசகர், தூத்துக்குடி)

தூத்துக்குடிக்காரர் இதைக் கேட்காமல் இருப்பாரா. 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் ஸ்டிரைக், சில நாளில் கூலி உயர்வு, ஞாயிறு லீவு. மார்ச் 12ல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச் சூடும். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது நாற்பது வருஷம், பிறகு மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. சிவப்பு ஸ்பெஷல் சிகாகோவில் கிளம்பியபோது இவர் கோயம்புத்தூர் ஜெயிலில். இரண்டு பேரும் உள்ளே போனது பேசியதற்காக, இரண்டு பேரும் பேசியதில் இருந்து பின்வாங்கவில்லை, அதுவரை ஒப்பிடலாம். மற்றபடி இவர் வக்கீல், கப்பல் கம்பெனி நடத்தினவர், சண்டை அந்நிய ஆட்சியோடு. பெரிய வித்தியாசம் வெளியே வந்த நாளில் இருக்கிறது. 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது வரவேற்க வந்தவர்கள் சொற்பம். டெப்ஸை ஜனாதிபதி வில்சன் மன்னிக்கவே இல்லை, சொந்த அட்டர்னி ஜெனரலே சிபாரிசு செய்தும் மறுத்தார்; அடுத்து வந்த ஹார்டிங், எதிர்க்கட்சிக்காரர், தண்டனையைக் குறைத்து 1921 கிறிஸ்துமஸ் அன்று விட்டார். சிறைக்குள் இருந்த கைதிகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள். மறுநாள் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ஹார்டிங் கைகுலுக்கினார். ஜெயிலில் விடுதலைக் காசாகக் கொடுத்த ஐந்து டாலரை, கொலை வழக்கில் சிக்கியிருந்த சாக்கோ, வான்செட்டி என்ற இரண்டு தொழிலாளிகளின் வழக்கு நிதிக்கு அனுப்பிவிட்டார்.

உடம்பு அதற்கு மேல் தேறவில்லை. 1924ல் பின்லாந்து சோஷலிஸ்ட் ஒருவர் அமைதிக்கான நோபல் பரிசுக்கு இவர் பெயரைச் சொன்னார், கிடைக்கவில்லை. 1926 அக்டோபர் 20ல் இறந்தார். டெர ஹோட்டில் அவர் வீடு இப்போது மியூசியம்.

1974 ஸ்டிரைக் பற்றியும் நாலைந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அதை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். அந்த இருபது நாளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, செங்கோட்டை லைனில் வேலையில் இருந்தவர்கள், வேலை இழந்தவர்கள், குவார்ட்டர்ஸை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்தார் யாராவது இருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டேன்.